இரண்டு பவுண்டு மூன்று அவுன்ஸ்

வெல்மாவின் பின்னல் பைக்குள் ராய்ஸ் கையை விட்டது நெஞ்செரிச்சல் மாத்திரைக்காகத்தான். கையில் அகப்பட்டது கல்.

கிங்மன் ஊர் விடுதி வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தார். அறைச் சாவியைக் கொடுக்க உள்ளே போன வெல்மா இன்னும் திரும்பவில்லை. கல்லை நீலக் கைக்குட்டையில் சுற்றி, நூல் உருண்டைகளுக்கு அடியில் புதைத்து வைத்திருந்தாள். அவிழ்த்துப் பார்த்தார். ஒரு பக்கம் மரப்பட்டை, உடைந்த பக்கத்தில் சிவப்பும் மஞ்சளும் ஊதாவும். என்றைக்கோ மரமாக நின்று பிறகு கல்லாய்ப் போனது. நேற்று மத்தியானம் இருவரும் சுற்றிப் பார்த்த கல்மரப் பூங்காவில் தரையெல்லாம் இதேதான் கிடந்தது. ஒரு துணுக்கைக்கூட எடுக்கக் கூடாது என்று அடிக்கொரு பலகை வைத்திருந்ததும் அங்கேதான்.

ராய்ஸுக்கு நெஞ்செரிச்சல் மறந்துபோய் நெஞ்சே எரிய ஆரம்பித்தது.

இருபத்தொன்பது வருஷம் அமரில்லோவில் எடை, அளவு ஆய்வாளராக இருந்தவர் அவர். அவர் தெருவில் வருகிறார் என்றால் இறைச்சிக்கடைத் தராசுகள் தாமாகவே நேராகிவிடும் என்பார்கள். என்பார்கள் என்றால் அவரே என்பார். அதைவிட அடிக்கடி சொல்வது அப்பா கதையை. ஒன்பது வயதில் இதே பூங்காவில் கட்டைவிரல் அளவு கல் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்பா கண்டுபிடித்து, நாற்பது மைல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். "தரையில கிடக்கிற வரைக்கும் அது கல்லு. கையில எடுத்தா திருட்டு" என்றார். கதை அங்கே முடியும். ராய்ஸ் எச்சில் விழுங்க நிறுத்தினால் கடைசி வரியை வெல்மாவே சொல்லி முடித்துவிடுவாள். அவ்வளவு தடவை கேட்டிருக்கிறாள். நேற்று பூங்காவை விட்டு வெளியே வரும்போதுகூட, பின்னால் எட்டு வண்டிகளைக் காக்க வைத்து, வாசலில் இருந்த காவலர் அம்மாவிடம் இந்தக் கதையை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

அப்போது இந்தக் கல் எங்கே இருந்தது? பின்னல் பையில். பை எங்கே இருந்தது? வெல்மாவின் மடியில்.

இப்போது எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. பூங்காவில் கழிப்பறைக்கென்று போனவள் அரை மணி கழித்து வந்தாள். பிறகு ஹோல்புரூக்கில் தபால்தலை வாங்க வேண்டும் என்று இறங்கிப்போய் முக்கால் மணி கழித்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். தபால்தலை எங்கே என்றதற்கு, தீர்ந்துவிட்டது என்றாள். ஒரு தபால் நிலையத்தில் தபால்தலை தீர்ந்துபோகுமா? அப்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். வின்ஸ்லோ தாண்டியதும் டயர் வெடித்தது. வில்லியம்ஸில் போலீஸ்காரர் நிறுத்தி வேகமாகப் போனதாகச் சீட்டுக் கொடுத்தார், வாழ்நாளில் முதல் தடவை. செலிக்மனில் ஏசி செத்தது. பூங்கா அலுவலகத்துச் சுவரில், கல்லைத் திருடிப்போனவர்கள் திருப்பி அனுப்பும்போது எழுதிய மன்னிப்புக் கடிதங்கள் ஒட்டியிருந்தன. இதை எடுத்ததிலிருந்து வேலை போச்சு, இடுப்பு ஒடிந்தது, மனைவி ஓடிப்போனாள் என்று வரிசையாக. அதையெல்லாம் ராய்ஸ் நேற்று வாய்விட்டுப் படித்துச் சிரித்திருந்தார். இப்போது சிரிப்பு வரவில்லை.

வெல்மாவிடம் நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் பதில் வந்துவிடும். ஆமாம் என்றால் அவள் திருடி. இல்லை என்றால் திருடியும் பொய்க்காரியும். நாளை சனிக்கிழமை, இன்னும் அறுபது மைல் தள்ளி நீடில்ஸில், மகள் மார்லா வீட்டில், அவர்களுடைய நாற்பதாவது திருமணநாள் விருந்து. ராய்ஸ் எழுந்து நின்று பேச வேண்டும். எழுதி வைத்த காகிதம் சட்டைப்பையில் இருந்தது. 'ஒரு நேர்மையான பெண்ணைக் கட்டிக்கொண்டேன்' என்பது அதன் முதல் வரி. அந்த வரியை வாயில் வைத்துக்கொண்டு, மடியில் திருட்டுக் கல்லோடு உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து எப்படிச் சொல்வது?

கல்லைத் திருப்பி வைத்துவிட வேண்டும். அவளுக்கே தெரியாமல். அவள் மானமும் போகாது, அவர் வரியும் போகாது.

கல்லை உள்ளங்கையில் ஏந்தினார். இரண்டு பவுண்டு மூன்று அவுன்ஸ். அந்தக் கை தப்புச் சொன்னதில்லை. பின்சீட்டுச் சாப்பாட்டுக் கூடையில் துழாவி, பீச் பழ டின் ஒன்றை எடுத்தார். ஒரு அவுன்ஸ் குறைந்தது. ஒரு தேக்கரண்டியைச் சேர்த்தார். சரியாக வந்தது. டின்னையும் கரண்டியையும் நீலக் கைக்குட்டையில் சுற்றி, நூல் உருண்டைகளுக்கு அடியில் வைத்தார். இருபத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ கள்ள எடைகளைப் பிடித்தவர், முதல் கள்ள எடையைத் தானே வைத்தார்.

வெல்மா இரண்டு காப்பியோடு வந்து உட்கார்ந்ததும் ராய்ஸ் சொன்னார்:

"கண்ணு, என் தொப்பிய அந்தப் பூங்காவிலேயே விட்டுட்டேன். திரும்பிப் போகணும்."

"நேத்து டயர் மாத்தறப்போ தலையில வச்சிருந்தியே?"

"வெயில்ல உனக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும்."

அவள் காப்பிக்குச் சர்க்கரை எடுக்க மறுபடி உள்ளே போன நேரத்தில், டிக்கியிலிருந்த தொப்பியை எடுத்து விடுதிக் குப்பைத்தொட்டியில் அமுக்கினார். வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத தொப்பி. வண்டியைக் கிளப்பும்போது, அறைகளைப் பெருக்கும் பெண் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள். தொப்பி குப்பையில் விழுந்து கிடந்ததாம். துடைத்துக்கூடக் கொண்டுவந்திருந்தாள்.

வெல்மா தொப்பியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"தொப்பி இல்ல. படிக்கிற கண்ணாடி. அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார் ராய்ஸ்.

இருநூற்று அறுபது மைல் எதற்குத் திரும்பிப் போக வேண்டும் என்று அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தார், போட்டால் பதிலுக்குச் சொல்ல நாலு வார்த்தை இருந்தது. ஆனால் வெல்மா சண்டை போடவில்லை. "சரி, போகலாம்" என்று மெதுவாகச் சொல்லி அவர் முழங்கையைத் தடவிக்கொடுத்தாள். மடியில் கனமில்லாதவள் இப்படிப் பேசமாட்டாள் என்று ராய்ஸ் முடிவுகட்டினார்.

ஆஷ் ஃபோர்க்கில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். அவள் கழிப்பறைக்குப் போன சமயம் பார்த்து, சட்டைப்பையிலிருந்த படிக்கிற கண்ணாடியை எடுத்து வெளியே எறிந்தார். எறிந்த கண்ணாடியை ஒரு லாரி ஏறி நசுக்கிவிட்டுப் போனது. இனி அந்தப் பேச்சைப் படிக்கக் கண்ணாடி இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. வெல்மாவைக் காணோமே என்று தேடிப் போனால், அவள் ஐஸ் பெட்டிக்குப் பின்னால், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வரைக்கும் அப்பாவுக்குத் தெரியக் கூடாது மார்லா. நீயும் வாயத் திறக்காத."

ராய்ஸ் சத்தமில்லாமல் காருக்கு வந்துவிட்டார். ஆக, மகளும் கூட்டு. பெற்று வளர்த்து, சில்லறையைச் சரியாக எண்ணிக்கொடுக்கக் கற்றுக்கொடுத்த மகள். ஏசி இல்லாத காரில் ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் அவியல். ஃபிளாக்ஸ்டாஃப் வரை ராய்ஸ் ரோட்டையே பார்த்து ஓட்டினார். வெல்மா அவ்வப்போது அவரை ஓரக்கண்ணால் பார்த்து, இன்று என்ன கிழமை, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்ன என்று விசாரித்தாள். பேச்சை மாற்றப் பார்க்கிறாள் என்று ராய்ஸ் இறுக்கமாகவே பதில் சொன்னார்.

பூங்காவின் தெற்கு வாசலுக்கு வந்தபோது வெல்மா தூங்கியிருந்தாள். நேற்றிருந்த அதே காவலர் அம்மாதான். சட்டையில் பெகே என்று பெயர்ப்பட்டை. ராய்ஸைப் பார்த்ததும், இன்னொரு கதை வரப்போகிறதோ என்பது போல் பின்னால் நிற்கும் வண்டிகளை எண்ணினார்.

"வெளியில கடையில வாங்கின கல்லு ஏதாவது வண்டியில இருக்கா சார்? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, டேப் சுத்திக் கொடுத்துடறேன். வெளிய போறப்போ வம்பு இருக்காது."

"ஒண்ணும் இல்ல" என்றார் ராய்ஸ், கேள்வி முடிவதற்குள்ளேயே.

வெல்மாவைக் காரில் தூங்கவிட்டு நடைபாதையில் இறங்கினார். கால்சட்டைப் பையில் இரண்டு பவுண்டு மூன்று அவுன்ஸ் தொங்கி, கால்சட்டையை இறக்கிக்கொண்டே வந்தது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்த நடையைப் பார்த்து, எதிரே வந்த குடும்பம் ஒன்று குழந்தைகளை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டது. விழுந்து கிடந்த கல்மரங்களில் மூன்றாவது கட்டைக்குப் பக்கத்தில் குனிந்து, கல்லை வைத்து, பட்டைப் பக்கம் மேலே வரும்படி திருப்பினார். பக்கத்தில் கிடந்த துண்டுகளோடு கல் பொருந்திப் போனது. ஒன்பது வயதில் இதே மாதிரி குனிந்தபோது அழுதிருந்தார். இப்போதும் அழுகை வந்தது, ஆனால் இது நிம்மதியான அழுகை.

காருக்குத் திரும்பியபோது வெல்மா விழித்திருந்தாள்.

"கண்ணாடி கிடைச்சுதா?"

"இல்ல. போனா போகட்டும்." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னை நான் மன்னிச்சுட்டேன் கண்ணு."

"எதுக்கு?"

"பொதுவாத்தான்."

வெல்மாவின் முகத்தில் காலையிலிருந்து இருந்த கவலை இன்னும் ஒரு சுற்று பெருத்தது.

வாசலில் பெகே அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். வெள்ளை மீசைக்காரர் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டைக்குப் பக்கத்தில் குனிந்து என்னவோ செய்ததாக ஒரு குடும்பம் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தது. வண்டியைப் பார்த்தாக வேண்டும் என்றார். ராய்ஸ் இரண்டு கையையும் தாராளமாக விரித்தார். நாற்பது வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை அவருடைய மனசாட்சி.

"பாருங்க. ஒரு துணுக்குகூட கிடையாது."

"இருக்கு" என்றாள் வெல்மா.

பெருமூச்சு விட்டு, பைக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காவலரிடம் நீட்டினாள். நேற்று ஹோல்புரூக் கடையில் போட்ட ரசீது. தனியார் பண்ணை நிலத்தில் எடுத்த கல், எடை இரண்டு பவுண்டு மூன்று அவுன்ஸ் என்று எழுதியிருந்தது.

"நாளைக்கு விருந்துல உன் கையில கொடுக்கலாம்னு இருந்தேன்" என்றாள் ராய்ஸிடம். "நாப்பது வருஷமா அந்தக் கதையக் கேக்கறேன். எல்லாரும் உங்க அப்பாவைப் பாராட்டறாங்க. எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்த ஒன்பது வயசுப் பையன்தான் கண்ணு முன்னாடி வருவான். அவனுக்குன்னு ஒரு கல்லு வாங்கணும்னு தோணிச்சு. பளபளன்னு தேய்ச்சதெல்லாம் வேண்டாம், தரையில கிடக்கற மாதிரியே வேணும்னு முக்கால் மணி நேரம் தேடி எடுத்தேன்."

சொல்லிக்கொண்டே நீலக் கைக்குட்டையை அவிழ்த்தாள். பீச் பழ டின். கரண்டி வழுக்கிக் கீழே விழுந்தது.

பெகே அம்மா டின்னைப் பார்த்தார், ரசீதைப் பார்த்தார், நடைபாதையின் பக்கம் பார்த்தார், கடைசியில் ராய்ஸின் தளர்ந்து தொங்கும் கால்சட்டைப் பையைப் பார்த்தார். வெல்மா டின்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்னைத் திருடின்னு நினைச்சியா ராய்ஸ்?"

சட்டைப்பையிலிருந்த காகிதம் குத்துவது போலிருந்தது. நேர்மையான பெண்ணைக் கட்டிக்கொண்டது நிஜம்தான். அந்தப் பெண் கட்டிக்கொண்டது யாரை என்றுதான் இப்போது சந்தேகம். அவசரமாகக் கதவைத் திறந்தார்.

"எனக்கு இடம் தெரியும் அம்மா. மூணாவது கட்டைக்குப் பக்கத்துல, பட்டை மேல பாக்க வச்சிருக்கேன். ரசீது இருக்கு, எடை இருக்கு. அஞ்சே நிமிஷம், எடுத்துட்டு ஓடி வந்துடறேன்."

பெகே அம்மா ரசீதை அழகாக மடித்து வெல்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கார்க் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"தரையில கிடக்கிற வரைக்கும் அது கல்லு, கையில எடுத்தா திருட்டுன்னு நேத்து இதே இடத்துல எட்டு வண்டிய நிறுத்தி வச்சு நீங்கதானே சார் சொன்னீங்க? அது இப்ப தரையில கிடக்கு."