மறைமலை நகர் வழியாக லண்டன்

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்களைப் பேசவிட்டால் போதும், முதல் பனியைப் பார்த்த கதையில் ஆரம்பித்து ரொட்டி தின்று நாக்கு செத்துப்போன கதை வரை நிறுத்தாமல் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த கதையை மட்டும் யாராவது கேட்டால், காபி ஆறிவிடும் என்று பேச்சை மாற்றிவிடுவேன். நான் லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று எங்கள் தெரு முழுக்கச் சந்தோஷப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் எங்கள் தெருவிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், மறைமலை நகரில் லுங்கியோடு நின்று பன்னை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவிலிருந்து வேலைக்கு வெளிநாடு போனவர்கள் உண்டு. பக்கத்து வீட்டு பஷீர் பாயின் தம்பியே துபாயில்தான் இருந்தார். படிக்கப் போகிறவன் என்றால் நான்தான் முதல். அதுவும் என்ன படிப்பு? மீடியா அண்ட் கம்யூனிகேஷன். செங்கல், ஜல்லி, மணல் வியாபாரம் செய்யும் என் அப்பாவுக்கு அது வாயில் நுழையவில்லை. "டிவி சம்பந்தமா படிக்கப் போறான்" என்று சுருக்கமாகச் சொல்லிவைத்தார். உடனே இரண்டு வீட்டுக்காரர்கள் படம் வராத டிவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கம்யூனிகேஷன் என்றால் டெலிபோன் இலாகா என்று புரிந்துகொண்ட ஒரு மாமா, வருஷக்கணக்காக வராத தன் போன் கனெக்‌ஷனுக்கு என்னிடம் சிபாரிசு கேட்டார். (செய்கிறேன் என்று வேறு சொல்லிவைத்தேன்.)

பல்கலைக்கழகம் இருந்தது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில். ஆனால் எங்கள் தெருவுக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான். நானும் திருத்தவில்லை. அப்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. பஷீர் பாயின் ஹார்ட்வேர் கடையில் உட்கார்ந்து, செய்தியை அனுப்புகிறவர், பெறுகிறவர், நடுவில் குறுக்கிடும் இரைச்சல் என்று அட்டைப் பெட்டியில் படம் போட்டு அவருக்கு விளக்குவேன்.

பாய் பொறுமையாகக் கேட்டார். "நான் இங்க குந்திகினு ஆணி எடுத்தாடானு கத்துறேன். உள்ளாரேந்து ஆளு எடுத்தாறான். இதுக்கு இன்னாத்துக்குத் தம்பி லண்டனு?"

"நடுவுல லாரி போனா அவருக்குக் கேக்காதுல்ல பாய்? அந்த இரைச்சலப் பத்திதான் படிக்கப் போறேன்."

இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

படிப்புச் செலவுக்கு அப்பா பெருங்களத்தூரில் மிச்சமிருந்த ஒரே மனையை விற்றார். சொந்தக்காரர்கள் வாய்விட்டே சிரித்தார்கள். "டிவி பாக்குற படிப்புக்கு எவனாவது மனைய விப்பானா?" என்று பெரியப்பா கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டார். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. "அவன் போய்ப் படிச்சிட்டு வரட்டும், அப்பறம் பேசலாம்" என்றார். அன்றிலிருந்து நான் லண்டன் போய்ச் சேர்வது அப்பாவின் மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

டிக்கெட் கொடுத்த டிராவல்ஸ்காரர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார். "கெளம்புறதுக்கு மூணு நாள் முன்னாடி ஏர்லைன்ஸ் ஆபீசுக்கு போன் பண்ணி ரீகன்ஃபர்ம் பண்ணிடுங்க சார். பண்ணலைன்னா நீங்க வரலைன்னு சீட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவான்." அந்தக் காலத்து விதி அப்படி. நானும் பெரிதாகத் தலையாட்டினேன். பிறகு வீடு வீடாக விருந்துக்குப் போனேன். ஸ்டுடியோவில் அவர்களுடைய கோட்டை மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டேன். தகவல் தொடர்பு படிக்கப் போகிறவன் அந்த வாரம் செய்ய வேண்டியிருந்த ஒரே தகவல் தொடர்பு அந்த போன்தான். அதைத்தான் செய்யவில்லை.

வழியனுப்புவிழா அமர்க்களமாக நடந்தது. ஆரத்தி, பூசணிக்காய், இரண்டு வேன். அப்பாவின் கடை லாரி டிரைவர்கள் தங்கள் செலவில் சுவரொட்டி அடித்து, குரோம்பேட்டை வரை ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க ஒட்டியிருந்தார்கள். 'மேற்படிப்புக்காக லண்டன் செல்லும் எங்கள் அண்ணனை வாழ்த்தி வழியனுப்புகிறோம்' என்ற எழுத்துகளுக்குக் கீழே இரவல் கோட்டில் நான் கைகூப்பி நின்றேன். மீனம்பாக்கத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே எல்லோரும் கையாட்டினார்கள். நான் உள்ளே போனதும் வேன்கள் கிளம்பிவிட்டன.

கவுண்டரில் இருந்த பெண் என் டிக்கெட்டைப் பார்த்தார், கம்ப்யூட்டரைத் தட்டினார், பிறகு என் கழுத்து மாலையைப் பார்த்தார். "பம்பாய்லேந்து லண்டன் போற சீட்டு கேன்சல் ஆயிருக்கு சார். நீங்க ரீகன்ஃபர்ம் பண்ணலையே. இனிமே அடுத்த வாரம்தான்."

கெஞ்சினேன், ஆங்கிலத்தில் கோபப்பட்டேன், மறுபடி தமிழில் கெஞ்சினேன். அந்தப் பெண் தண்ணீர் கொடுத்தார், சீட் கொடுக்கவில்லை.

வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆட்டோ பிடித்தால் கொஞ்ச தூரம்தான். ஆனால் எந்த முகத்தோடு போவது? பெரியப்பாவின் சிரிப்பு காதுக்குள் கேட்டது. அப்பா கடையில் ஜல்லி வாங்க வருகிறவன்கூட "பையன் ஏரோப்ளேன உட்டுட்டானாமே" என்று கேட்பான். மாலையைக் கழற்றி ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு, செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் சுவர்களிலிருந்து நான் எனக்கே கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேன். தாம்பரம் வந்ததும் ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் குனிந்தவன் பெருங்களத்தூர் தாண்டித்தான் நிமிர்ந்தேன். "தலை சுத்துதா சார்? ஜன்னலோரம் வந்து குந்துங்க" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

கூடப் படித்த குமரேசன் மறைமலை நகரில் மோட்டார் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான். அவன் அறைக் கதவைத் தட்டினேன். புதிதாகத் தைத்த கோட்டும் சூட்கேசுமாக நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா மச்சான், அதுக்குள்ள பட்ச்சி முட்சிட்டியா?"

அவனிடம் விஷயத்தைச் சொல்லி, அடுத்த விமானம் வரை அங்கேயே பதுங்கிக்கொண்டேன். ஒரு சிக்கல் மட்டும் பாக்கி இருந்தது. போய்ச் சேர்ந்ததும் ஞாயிறு காலை பத்து மணிக்கு பஷீர் பாய் வீட்டுக்கு போன் செய்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். தெருவில் போன் இருந்தது அங்கே மட்டும்தான். பேசாவிட்டால் அப்பா பயந்துவிடுவார். அதனால் லண்டனிலிருந்து பேசிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

மெயின் ரோட்டு எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை, நான் பொருட்படுத்தவில்லை. துபாயிலிருந்து பாயின் தம்பி பேசும்போது குரல் தாமதமாக வரும் என்று கேள்விப்பட்டிருந்ததால், ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்சம் நிறுத்தித்தான் பதில் சொல்வது என்று திட்டம். ரிசீவர் வாயில் கர்சீப்பைச் சுற்றினேன். மீடியா மாணவன் இல்லையா?

பாய்தான் எடுத்தார். பின்னால் தெருவே கூடியிருப்பது கேட்டது.

"தம்பி! நல்லா கீறியா? அங்க இப்ப மணி இன்னா?"

கைக்கடிகாரத்தைப் பார்த்து, நிறுத்தி நிதானமாக, "பத்து அஞ்சு பாய்" என்றேன்.

லண்டனில் அப்போது விடிந்துகூட இருக்காது என்பது எனக்கு உறைக்கவில்லை. பாய் ஒரு நிமிஷம் பேசவில்லை. அதையும் லைனில் வந்த தாமதம் என்றே நினைத்தேன்.

"அப்டியா... நல்லது தம்பி. இரு, அப்பாகிட்ட குடுக்குறேன்."

அப்பா போனில் எப்போதும் சத்தமாகப் பேசுவார். "இன்னாபா, போய்ச் சேந்துட்டியா?"

"சேந்துட்டேம்பா."

"குளுரு எப்டி கீது?"

"பயங்கரக் குளிருப்பா. கையெல்லாம் வெறைச்சிப் போவுது." வியர்வை முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"சாப்பாடு?"

நான் வாயைத் திறக்கவும், பூத்துக்கு எதிரே பஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி தொண்டை கிழியக் கத்தினார். "பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்ட, பல்லாவரம்! யோவ் பொட்டிய உள்ள தள்ளு! தாம்பரம் ஏறு, தாம்பரம் ஏறு!" கூடவே விசில்.

ரிசீவரை இரண்டு கையாலும் பொத்தினேன். மறுபடி காதில் வைத்தேன். அப்பாவுக்குப் பின்னாலிருந்து யாரோ, "இன்னா சொல்றான், இன்னா சொல்றான்?" என்று கேட்டார்கள்.

"நல்லபடியா போய்ச் சேந்துட்டானாம்" என்று அப்பா அவர்களிடம் உரக்கச் சொன்னார். பிறகு என்னிடம், "சரி, ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். (அவ்வளவு பெரிய மடையன்.) அறைக்குப் போய், "மச்சான், நம்பிட்டாருடா" என்று குதித்தேன். குமரேசனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் என் செலவில் டீயும் பன்னும். டீக்கடையிலிருந்து திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

அப்பா நின்றார். மணல் லாரியில் வந்திருந்தார். வேட்டியெல்லாம் மணல். கண்டக்டர் கத்தியதைக் கேட்டவருக்கு, இந்த ரோட்டில் குமரேசனை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது தெரியாதா?

நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால்கூட அன்றோடு முடிந்திருக்கும். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "ஃபேன் கீதா?" என்று கேட்டார். "ராத்திரிக்கு கொசு கடிக்குமே" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"தெருவுல அத்தினி பேரு எதிர்ல நீ போய்ச் சேந்துட்டனு சொல்லிட்டேன். பொய் சொன்னவனா என்ன ஆக்கிடாத. போய்ச் சேந்துடு."

ஜல்லி அளவில் ஒரு கூடை குறைந்தால்கூட வாடிக்கையாளரைத் தேடிப்போய்க் கொடுத்துவிட்டு வருகிற மனிதர். எனக்காகத் தெருவின் நடுவில் பொய் சொல்லியிருந்தார். நான் குழந்தை மாதிரி அழுதேன். குமரேசன் சட்டையைத் தேடுவதுபோல் வெளியே போய்விட்டான்.

இந்த முறை அப்பா என்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்து ரீகன்ஃபர்ம் செய்ய வைத்தார். மறுநாளும் செய்யச் சொன்னார். மூன்றாவது முறை போனை எடுத்த ஏர்லைன்ஸ்காரர், "சார், நீங்க வந்தே ஆகணும் சார், நாங்க காத்துக்கிட்டிருக்கோம்" என்றார். இரண்டாவது வழியனுப்புவிழாவுக்கு வேனும் இல்லை, மாலையும் இல்லை. மணல் லாரியின் முன் இருக்கையில் டிரைவருக்கும் அப்பாவுக்கும் நடுவில் கோட்டோடு உட்கார்ந்து மீனம்பாக்கம் போய் இறங்கினேன். அந்த டிரைவர்தான் சுவரொட்டி ஒட்டியவர். வழி முழுக்க அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் கொடுமை.

தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். முதல் வகுப்பிலேயே பேராசிரியர், தகவல் தொடர்பில் இரைச்சல் குறுக்கிட்டதற்குச் சொந்த நாட்டிலிருந்து ஓர் உதாரணம் கேட்டார். என் நண்பன் ஒருவன் என்று ஆரம்பித்துக் கண்டக்டர் கதையைச் சொன்னேன். வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. பக்கத்தில் இருந்த நைஜீரியப் பெண் மட்டும், "பாவம், அவன் அப்பா நம்பிவிட்டாரா?" என்று கேட்டாள். நம்பின மாதிரி நடந்துகொண்டார் என்று சொல்ல வந்தேன். சொல்லாமல் எழுந்தேன். கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பிய அன்று பாய் இனிப்போடு வந்தார். அப்பா பக்கத்திலேயே இருந்தார்.

"வந்துட்டியா தம்பி. ஒரு வருசமா அப்பா டெய்லி நம்ம கடையில வந்து ஒன் லண்டன் கதையத்தான் சொல்லிகினு இருப்பாரு. ஆமா, அன்னிக்கு அங்க மணி பத்து அஞ்சுனியே, அந்த வாட்ச்ச கொஞ்சம் காட்டேன், பாப்போம்."

அப்பா திரும்பிப் பாயைப் பார்த்தார். துபாய்க்குத் தம்பியிடம் வாராவாரம் பேசுகிற மனிதருக்கு நேர வித்தியாசம் தெரியாமல் இருக்குமா? முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது. பஸ் சத்தம் பாயின் காதில் விழவில்லை என்று அப்பாவும், மணிக்கணக்கு அப்பாவுக்குத் தெரியாது என்று பாயும், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரு வருஷம் என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் இனிப்புத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அப்பாவுக்கு நடக்கக் கம்பு வேண்டும். ஆனாலும் குடும்பத்தில் யார் வெளிநாடு போனாலும் விமான நிலையத்துக்கு வந்துவிடுவார். விமானம் கிளம்பாமல் அவரை அங்கிருந்து நகர்த்த முடியாது. என் மகளும் அதே படிப்புக்குத்தான் வெளிநாடு போனாள். உள்ளே போய் இருக்கையில் உட்கார்ந்ததும் செல்போனில் கூப்பிட்டாள். "தாத்தா, ஏறிட்டேன்."

"பக்கத்துல யாரு கீறாங்க?"

"ஏர் ஹோஸ்டஸ் நிக்கிறாங்க தாத்தா."

"அவங்ககிட்ட குடு."

அந்தப் பெண் குழப்பத்தோடு "ஹலோ" என்றது ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"எம் பேத்தி நெஜமாவே ப்ளேனுக்குள்ளதான் கீறாளாம்மா?" என்று கேட்டார் அப்பா. "ஆமாம் சார்" என்றதும் ஒரு பெருமூச்சு விட்டார். "தப்பா நெனச்சிக்காதம்மா. எங்க வூட்ல ஒருவாட்டி ஏமாந்துட்டோம்."