பத்திரம் அண்ணன் சிவப்புக் காருக்குப் பெயிண்ட் அடித்த வாரம்

காருக்குப் பெயிண்ட் அடிக்கிறவருக்கு விசா வந்துவிட்டது என்று நான் ஒரு காலத்தில் உறுதியாக நம்பினேன். சிரிக்காதீர்கள். ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, நகாசி ஊரில் எங்கள் தெருவில் அப்படித்தான் நடந்தது. எதிர்வீட்டு வாத்தியார் காருக்கு வெண்ணெய் நிறம் அடித்தார்; மூன்றே வாரத்தில் ஆக்லாந்து போய்விட்டார். மூலைவீட்டுத் தையல்காரர் வேனுக்குப் பச்சை அடித்தார், குடும்பத்தோடு வான்கூவர். வண்டியை விற்பதற்கு முன் எல்லோரும் பளபளப்பாக்கினார்கள். காற்றில் பெயிண்ட் வாசனை வந்தாலே, இன்று யார் வீட்டில் வழியனுப்பு விருந்து என்று கேட்க ஆரம்பித்திருந்தோம்.

பக்கத்து வீட்டுப் பத்திரம் அண்ணனைப் பற்றி மட்டும் எனக்குக் கவலை இருந்ததில்லை. ஃபிஜித் தீவுகள் அத்தனையிலும் உயிருக்கு அவ்வளவு பயந்த மனிதர் கிடையாது. அவராவது, விமானத்தில் ஏறுவதாவது! எதற்கெடுத்தாலும் 'பத்திரம்' என்பார். தெருவில் பாதிப்பேருக்குத் தமிழே வராது, எல்லாம் இந்திதான். அந்த ஒரு சொல் மட்டும் அத்தனை பேருக்கும் தெரியும், அவர் பெயராக. தலைநகர் சுவாவில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. ஐந்தாவது மாடி லிஃப்டைப் பார்க்கப் படியேறித்தான் போவார். அவர் வீட்டில் மீன் சாப்பிடும்போது யாரும் பேசக்கூடாது. முள் இருக்கிறதே.

இப்படிப்பட்டவரிடம் இரண்டே இருக்கை வைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கியது. அதை அவர் ஓட்டினால் நவுசோரி பஸ் முந்திக்கொண்டு போகும். பஸ்ஸில் இருப்பவர்கள் கையாட்டுவார்கள்.

அந்தச் சமயம் பிரிஸ்பேனில் இருந்த மைத்துனன் எங்களுக்கும் குடியேற்ற விண்ணப்பத் தாள்கள் அனுப்பியிருந்தான். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் வீட்டை விற்க வேண்டும். முடிவை என் மனைவி கமலா என்னிடம் விட்டாள். நான் அவளுக்குத் தெரியாமல் அதைப் பத்திரம் அண்ணனிடம் விட்டேன். அவர் இருக்கும்வரை இங்கே பயமில்லை; அவரே கிளம்பிவிட்டால் அப்புறம் ஒரு நிமிஷம்கூட இருக்கக்கூடாது. இதுதான் என் அரசியல் அறிவு.

புதன்கிழமை அவர் தண்ணீர் ஊற்றி ஊற்றி உப்புத்தாளால் காரைத் தேய்க்க ஆரம்பித்தார். பெயிண்டுக்கு முதல் படி அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நாளைக்குக் காலைல சூலா, அடுப்பு எதுவும் பத்த வைக்காதீங்க. கர்ப்பூரம்கூட வேணாம்."

"ஏண்ணே?"

"சொன்னா பயந்துக்குவீங்க. கேஸ் சிலிண்டர அந்தாண்ட தள்ளி வச்சுருங்க. புள்ளைங்கள ரக்கிரக்கிப் பக்கம் பினாங்குக்கு, மாமா வூட்டுக்கு அனுப்பிட்டா நல்லது. பத்திரம்."

சொல்லாமலே நன்றாகப் பயந்துகொண்டேன். பிள்ளைகளை ரக்கிரக்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மறுநாள் காலை வேலி இடுக்கில் பார்த்தால், கார்க் கொட்டகையின் தரையெல்லாம் ஈரம். காரின் கண்ணாடி, விளக்கு எல்லாவற்றையும் செய்தித்தாள் ஒட்டி மூடியிருந்தார். நம்பர் பிளேட்டைக் காணோம். பேட்டரியைக் கழற்றி முற்றத்தில் வைத்திருந்தார். அண்ணன் தலை முதல் கால்வரை துணி சுற்றி, இரண்டு பக்கமும் டப்பா வைத்த முகமூடி மாட்டியிருந்தார்.

விஷப் புகை வரப்போகிறது என்று புரிந்துகொண்டேன். இவருக்கு முன்பே தகவல் வந்திருக்கிறது. நம்பர் இல்லாத காரில் தப்பிக்கப் போகிறார். அப்படியானால் பெயிண்ட் எதற்கு? விசாவுக்கு. விசா இருப்பவர் விமானத்தில் போகாமல் காரில் ஏன் தப்பிக்க வேண்டும்? இது தீவாயிற்றே, காரில் எங்கே போவார்? ஒன்றும் விளங்காமல் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, கமலாவிடமும் ஒன்றை நீட்டினேன்.

அவள் வேலிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "பெயிண்ட் அடிக்கிறாரு. அந்த ஆவில நெருப்புப் பட்டா பத்திக்கும், அதான் சூலா வேணாம்னாரு. துண்ட அவுருங்க, யாரும் பாத்துடப் போறாங்க."

விஷப் புகை இல்லை என்பதில் கொஞ்சம் நிம்மதி. ஆனால் அண்ணன் போகப் போகிறார் என்பது உறுதியாகிவிட்டது. அன்று பகலே தாள்களில் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை உறையோடு பஸ்ஸுக்கு நின்றபோது சிமென்ட் நிறத்தில் ஒரு கார் வந்து நின்றது. உள்ளே அண்ணன். ஏறிக்கொண்டேன்.

"எப்பண்ணே கிளம்புறீங்க?"

"கிளம்பிட்டமே."

"நாட்ட விட்டுண்ணே."

ஓட்டும்போது அவர் பேச மாட்டார். ஓரமாக நிறுத்தி, பிரேக்கைப் போட்டுவிட்டுத் திரும்பினார். "நான் எங்க போறது? செவப்பா இருந்தா ஒவ்வொரு செக்போஸ்ட்லயும் நிறுத்துறான். ஏறி உக்காந்து பாக்குறான், ஒரு ரவுண்டு ஓட்டட்டுமாங்கிறான். அங்க லிஃப்ட்டுல ஆளுங்க மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. இந்தக் கலர்னா எவன் பாப்பான்?"

அடுத்த செக்போஸ்ட்டிலேயே ஒரு சிப்பாய் கையைக் காட்டினான். என் உயிர் பாதி போனது. 'புலா' என்று வணக்கம் சொல்லிவிட்டுக் காரைச் சுற்றி வந்து, கதவைத் தடவிப் பார்த்து, இவ்வளவு வழவழப்பாக யார் அடித்தது, தன் அண்ணன் காருக்கும் அடிக்க வேண்டும் என்றான்.

பத்திரம் அண்ணன் இறங்கினார். பாடம் தொடங்கியது. கொட்டகையின் இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். கைக்குட்டை முகமூடி ஆகாது. மெல்லிசாக அடித்து, காயவிட்டு, மறுபடி அடிக்க வேண்டும். துடைத்த துணியைக் குவித்து வைத்தால் தானே பற்றிக்கொள்ளும், தண்ணீர் வாளியில் போட வேண்டும். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற ரகத்தை வீட்டில் தொடவே கூடாது, அது பட்டறைக்காரன் வேலை. சிப்பாய் துப்பாக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விரல்விட்டு எண்ணினான். இடுக்கிய துப்பாக்கி எங்களைப் பார்த்தது. அண்ணன் பேச்சை நிறுத்தி, அதன் முனையை இரண்டு விரலால் மெதுவாகத் தரைப்பக்கம் திருப்பினார்.

"பத்திரம்," என்றார்.

சிப்பாய் தலையாட்டி, துப்பாக்கியைக் கீழே பிடித்துக்கொண்டு வழிவிட்டான்.

சுவாவில் தபால் நிலையத்துக்கு முன்னால் காரை நிறுத்தி, எதிரே வண்டி வருகிறதா பார்த்து இறங்கும்படி சொன்னார். நான் இறங்கவில்லை.

அவர் நாட்டை விட்டுப் போகவில்லை. நாங்களும் போகவில்லை. அதற்குப் பிறகு பதினான்கு வருடம், தினமும் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துதான் நான் வேலைக்குப் போனேன்.