கனடாவிலிருந்து வந்த நகம்

அலமாரியில் மடித்து வைத்திருந்த வேட்டிக்குள் நகம் இல்லை. ஜெயபாலன் வேட்டியை உதறினார். பக்கத்தில் இருந்த சட்டைகளை உதறினார். கடைசியில் அலமாரியையே சுவரைவிட்டு இழுத்துப் பார்த்தார். ஒரு கரப்பான்பூச்சிதான் வெளியே வந்தது.

சாதாரண நகத்துக்கா மனுஷன் இப்படி வேர்த்து விறுவிறுத்துப் போவார்? அது டைனோசரின் நகம். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்து கல்லாகிப் போனது. கனடாவில் மகள் தேன்மொழி வேலை பார்க்கும் பள்ளத்தாக்கில், அரசாங்கம் காவல் போட்டுக் காக்கும் இடத்தில் இருந்தது. இப்போது மலேசியாவின் மூவாரில், மரச்சாமான் பட்டறை வைத்திருக்கும் ஜெயபாலன் வீட்டில் இருக்க வேண்டும். இங்கேயும் இல்லையே என்பதுதான் பிரச்சினை.

திருடும் ஆள் இல்லை அவர். மூன்று வாரத்துக்கு முன் தன்னைப் பார்க்க வந்த அப்பா அம்மாவை, தேன்மொழி அந்தப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப் போனாள். இரண்டு பக்கமும் வரிவரியாகச் செங்குத்துப் பாறை, நிழலுக்கு ஒரு மரம் இல்லை. கூழாங்கல்லைக்கூடத் தொடக்கூடாது, தொட்டால் அபராதம், எடுத்தால் ஜெயில் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தாள். முப்பது வருஷமாக மேசை நாற்காலியைத் தடவித் தடவியே தரம் பார்த்த கை சும்மா இருக்குமா? பாறையில் துருத்திக்கொண்டிருந்த எலும்புப் பாதத்தை ஒரே ஒரு தடவை தடவினார். விரல் நீள நகம் கையோடு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, கூட வந்திருந்த மகளின் மேலதிகாரி திரும்பினார். கை தானாகக் கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது. அதைத் திருப்பி வைக்க அப்புறம் நேரமே வாய்க்கவில்லை.

நேற்றுக் காலை தேன்மொழி கூப்பிட்டாள்.

"ப்பா, அன்னிக்கு அங்க யாராச்சும் எதையாச்சும் எடுத்தாங்களா? ஒரு நகத்தக் காணோம். அந்த இடத்துக்குப் பொறுப்பு நான்தான்."

அடுத்த வாரம் பெரிய ஆராய்ச்சியாளர்கள் வந்து ஒவ்வோர் எலும்பாகப் பரிசோதிக்கப் போகிறார்களாம். அவர்கள் எழுதிக் கொடுப்பதைப் பொறுத்துத்தான் அவளுக்கு வேலை நிரந்தரம் ஆகுமாம். தெரியாதேம்மா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவருக்கு அதற்குப் பிறகு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. பெயர் போடாமல் கூரியரில் அனுப்பிவிடலாம் என்று இன்றைக்குத்தான் தைரியம் வந்தது. வந்து பார்த்தால் நகம் இல்லை.

"தனம், என் வேட்டிக்குள்ள ஒன்னு இருந்துச்சே?"

தனலெட்சுமி மீன் கழுவிக்கொண்டே பதில் சொன்னார். "புலிநகந்தானே? பத்தர் காளியப்பன் அண்ணங்கிட்ட குடுத்தாச்சுலா. மகன் வீட்டுப் பேரனுக்கு மொட்டை போடுறப்ப செயின்ல கோத்துப் போட்டா காத்து கருப்பு அண்டாது."

"அவ்ளோ பெரிய புலி எங்கடி இருக்கு?"

"கனடாவுல இருக்கும்னு நெனச்சேன்."

மோட்டார் சைக்கிள் போய்ப் பத்தர் கடை வாசலில் நின்றபோது காளியப்பன் வேலையை முடித்தே விட்டிருந்தார். நகத்தின் அடியில் தங்கப் பூண் மினுமினுத்தது. கோர்ப்பதற்குத் துளைகூடப் போட்டாயிற்று. பூணைக் கழற்றச் சொன்னதும் அவருக்கு முகம் சுண்டிப்போனது. ஜெயபாலன் கெஞ்சிய கெஞ்சலில் மனம் இளகி, ஊதுகுழலால் சூடுகாட்டிக் கழற்றினார். பூண் வந்தது. நகத்தின் அடிப்பாகம் கருகிப்போயிருந்தது.

போகட்டும், கீறல் விழுந்த மேசையைப் புதுசாக்கத் தெரிந்தவனுக்கு இது என்ன பிரமாதம் என்று பட்டறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மரத்தில் பள்ளத்தை அடைக்கும் மக்கை எடுத்துத் துளையை அடைத்தார். உப்புத்தாளால் கருகலைத் தேய்த்தார். கருகல் போகப்போக நகமும் குட்டையாகிக்கொண்டே வந்தது. தூசி போகட்டும் என்று சாயம் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தார். நகத்தின் நிறம் முழுக்கத் துணிக்கு வந்துவிட்டது.

ஜெயபாலன் துணியைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். கோடி வருஷம் வெயிலுக்கும் மழைக்கும் அசையாத நிறத்தை ஒரே துடைப்பில் போக்கிவிட்டோமே என்று அவசரமாகக் கோப்பித் தூளைத் தேடினார். கெட்டியாகக் கோப்பி கலக்கி அதில் ஊறப் போட்டார். அரை மணி கழித்து எடுத்தால் நகம் எண்ணெயில் பொரித்த வாழைப்பழம் மாதிரி பீசாங் கோரெங் நிறத்தில் இருந்தது. அதை ஒற்றி எடுக்கப் போன இடத்தில் முனையும் ஒடிந்து விழுந்தது.

சாப்பிடக் கூப்பிட வந்த தனலெட்சுமி அதை எட்டிப் பார்த்தார். "இத பேரனுக்குப் போட்டா பூனைகூட பயப்படாது," என்றார்.

அதோடு ஜெயபாலன் உடைந்துவிட்டார். இனி மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. நான்கு வருஷம் குளிரில் கஷ்டப்பட்ட பிள்ளை. இந்த வேலைக்காக ஒரு பொங்கலுக்குக்கூட வீட்டுக்கு வராமல் கிடந்தவள். அவள் பிழைப்பில் பெற்ற அப்பனே மண்ணைப் போட்டுவிட்டேனே! போனை எடுத்து, தடவியதிலிருந்து கோப்பியில் ஊறப் போட்டது வரை ஒன்று விடாமல் மகளிடம் கொட்டினார்.

"தப்பு என்னோடதும்மா. நானே எழுதி, கையெழுத்துப் போட்டு, இருக்கறத அப்படியே ஒங்க ஆபிசுக்கு அனுப்பிடுறேன். ஆராய்ச்சிக்காரங்க வர்றதுக்குள்ள வந்துரும். ஜெயில்னா நான் போறேன்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. ஜெயபாலன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். தேன்மொழி மிகவும் மெதுவான குரலில் பேசினாள்.

"ஐயோ ப்பா, அத மட்டும் அவங்க கண்ணுல காட்டிராதீங்க, நெசமான நகம் போன வருஷமே என் கை பட்டு ஒடஞ்சிருச்சு, நீங்க எடுத்துட்டுப் போனது நம்ம பட்டறையில பாத்த மாதிரியே மக்கு கலக்கி நான் செஞ்சு ஒட்டுனது."