மாமனார் இலையில் மிச்சமிருந்த தயிர்சாதம்

நான் ஒரு முறை அடுத்தவர் சாப்பிட்டுவிட்டு எழுந்த இலையில் கைவைத்துத் தின்றிருக்கிறேன். பசிக்காக இல்லை, அறிவியலுக்காக. இதை எத்தனையோ பேரிடம் விளக்கிப் பார்த்துவிட்டேன், ஒருவரும் நம்பவில்லை. எழுதியாவது வைப்போம்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது, தொண்ணூற்றெட்டு கிலோ. சீர்காழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். திருவிடைமருதூர்ப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பெண் பார்த்து, பூ வைத்தும் ஆயிற்று. நிச்சயதார்த்தம்தான் பாக்கி. பெண்ணின் பெயர் வனிதா. மைக்ரோபயாலஜி படித்துவிட்டுக் கும்பகோணத்தில் ஒரு லேபில் வேலை பார்த்தாள். மற்ற பெண்கள் மாப்பிள்ளையின் போட்டோ கேட்பார்கள். இவள் என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கேட்டாள். அனுப்பினேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது, கொழுப்பு எல்லை தாண்டியிருந்தது. "மூணு மாசம் பாப்போம்க்கா. அவர் கொஞ்சம் குறைச்சுக்கிட்டு வரட்டும், அப்புறம் நிச்சயத்துக்குத் தேதி வைக்கலாம்" என்று என் அக்காவிடம் போனில் சொல்லிவிட்டாள். (எனக்கு வனிதாவை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. அதனால் கோபப்படக்கூட முடியவில்லை.)

ராத்திரியில் இரண்டே சப்பாத்தி என்று ஆரம்பித்தேன். காலையில் நடை. இரண்டரை மாதம் ஓடியது, எடை மெஷின் முள் நகரவில்லை. (பள்ளிக்கூட வாசலில் தினமும் தின்ற பஜ்ஜியை நான் சேர்க்கவில்லை. கணக்கு வாத்தியார் செய்கிற காரியமா இது!)

அந்த விரக்தியில்தான் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவைதான் உடைக்கின்றன. சில வகைகள் அதே சாப்பாட்டிலிருந்து கூடுதல் சத்தைப் பிழிந்து உடம்பில் ஏற்றிவிடுமாம். குண்டு எலியின் குடல் பாக்டீரியாவைக் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிக்குக் கொடுத்தால், அதற்கும் கொழுப்பு ஏறுகிறதாம். "மனுஷங்க விஷயத்துல இன்னும் ஆராய்ச்சி நடந்துக்கிட்டு இருக்கு" என்று வீடியோக்காரர் கடைசியில் சொன்னார். அதைக் காதில் வாங்காமல் போனை அணைத்துவிட்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தப்பு என்னுடையது இல்லை, என் வயிற்றில் சாகுபடி செய்கிறவர்களுடையது!

அடுத்த படி தானாகவே வந்தது. வனிதாவின் அப்பா, அதாவது என் வருங்கால மாமா, சாம்பாருக்கு ஒரு மலை, ரசத்துக்கு ஒரு மலை, தயிருக்கு ஒரு மலை என்று சோறு சாப்பிடுகிறவர். ஆள் மூங்கில் கழி. அப்படியானால் அவர் வயிற்றில் இருப்பது நல்ல ஜாதி பாக்டீரியா. அதில் கொஞ்சம் எனக்கு வந்தால் போதும். எப்படி வரும்? எச்சிலில்தான் வரும். இதில் எங்கே பிழை என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் கரும்பலகையில் நிரூபித்தே காட்டியிருப்பேன்.

அவர்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு என்னையும் அக்காவையும் விருந்துக்கு அழைத்தார்கள். மூன்று மாதக் கெடு முடிய இன்னும் ஒரு வாரம். போனவுடன் காப்பி வந்தது. மாமா குடித்த டம்ளரை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். தண்ணீர்ச் சொம்பும் அப்படியே. தலைமுறை தலைமுறையாக இப்படி அண்ணாந்தே குடித்தால் நாட்டில் பாக்டீரியா எப்படிப் பரவும் என்று எரிச்சலாக வந்தது.

பந்தியில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் மூன்றாவது மலையில் பாதி ஏறியிருந்தபோது வெளியிலிருந்து யாரோ கத்தினார்கள்: "அண்ணே, த்ரீ பேஸ் கரண்ட் வந்துடுச்சு!" மாமா கையை உதறிக்கொண்டு எழுந்தார். "இருங்க தம்பி, மோட்டாரைப் போட்டுட்டு வந்துடறேன்" என்று வயலுக்கு ஓடினார். அத்தையும் அக்காவும் பாயசம் எடுக்க உள்ளே போயிருந்தார்கள். கூடத்தில் நானும் மாமாவின் இலையும் மட்டும்தான். இலையில் அவர் கையால் பிசைந்த தயிர்சாதம், கடித்து வைத்த மாவடு.

இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு கவளம் எடுத்தேன். ஒன்று போதுமா என்று சந்தேகம் வந்தது, இரண்டாவதும் எடுத்தேன். மூன்றாவது வாய்க்குள் போகும்போது அத்தை பாயசத்தோடு வந்து நின்றார்.

"ஐயையோ! எச்சில் எலைங்க மாப்ள!"

வாய் நிறையத் தயிர்சாதம். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "புள்ளைக்குப் பசி அடங்கல. கேக்கறதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு எச்சில் எலையில கைய வச்சிருக்கு!" அக்கா பின்னாலேயே வந்து, "டேய், உனக்கு வீட்டுல சோறு போடலியாடா?" என்றாள். மோட்டாரைப் போட்டுவிட்டுத் திரும்பிய மாமா தன் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அத்தையிடம் திரும்பினார். "உனக்கு எத்தன தடவ சொல்றது, பெரிய எலையா போடுன்னு!"

சர்க்கரையைக் குறைத்துக் காட்ட வேண்டிய நேரத்தில், பெண் வீட்டில் எச்சில் இலை தின்றவனாக உட்கார்ந்திருந்தேன். இனி நிச்சயமாவது ஒன்றாவது என்று நினைத்துக்கொண்டேன். வனிதா என்னைக் கொல்லைக் குழாயடிக்குக் கூப்பிட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. பசியா?"

எலியிலிருந்து பஜ்ஜி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, மூச்சுத் திணறுகிற வரைக்கும் சிரித்தாள்.

"வாயில இருக்கிறது வேற கூட்டம், குடல்ல இருக்கிறது வேற கூட்டம். சோத்தோட உள்ள போறதுல முக்காவாசி வயித்து ஆசிட்லயே செத்துரும். ஒருத்தர் குடல்ல இருக்கிறதை இன்னொருத்தருக்கு மாத்தணும்னா டாக்டருங்க எதை எடுத்துக் குடுப்பாங்க தெரியுமா?"

எதை என்று அவளே சொன்னாள்: காலையில் கக்கூசில் விட்டுவிட்டு வருவதை. குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தேன்.

"அப்பா ஒல்லியா இருக்காருன்னா, விடிஞ்சதுலேருந்து பொழுது சாயற வரைக்கும் வயல்ல நிக்கறாரு. நீங்க நிக்கறீங்களா? உங்ககிட்ட இருக்கிற பாக்டீரியாவுக்கே கீரை, வாழைத்தண்டு, பயறுன்னு ஒழுங்கா போடுங்க. எரவல் வாங்க வேணாம்." பிறகு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னாள்: "இன்னொண்ணு. போன மாசம் அப்பா வயித்துல கொக்கிப்புழு இருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு. திங்கக்கிழம காலையில ஒரு டப்பாவுல சாம்பிள் எடுத்துக்கிட்டு லேபுக்கு வந்துருங்க."

வந்தேன். சீர்காழியிலிருந்து கும்பகோணம் வரைக்கும் டப்பாவைச் சாப்பாட்டுப் பையில் வைத்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "குடுங்க தம்பி, நான் மடியில வச்சுக்கறேன்" என்று பையைப் பிடுங்கிக்கொண்டார். "சாப்பாடா?" என்றார். வேறு என்ன சொல்வது? ஆமாம் என்றேன். கும்பகோணம் வரும் வரைக்கும் அதைக் கவிழ்ந்துவிடாமல் இரண்டு கையாலும் அணைத்து வைத்திருந்தார். அந்தப் புண்ணியவதியிடம் இன்றைக்கும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கவுண்டரில் வனிதா கையுறையோடு நின்றாள்.

"பேஷன்ட் பேரு?"

"வனிதா, நான்தான்…"

"பேரு கேட்டேன்."

"செந்தில்குமார்."

"வயசு?"

எல்லாவற்றையும் எழுதி டப்பாவில் ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் சீர்காழியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ரிப்போர்ட் போனில் வந்தது. புழு இல்லை. கீழே ஒரு செய்தி: 'அக்காவை நிச்சயத்துக்குத் தேதி பாக்கச் சொல்லுங்க. இளைக்கணும்னு எங்கப்பா எச்சிலைத் தின்ன ஆளை நான் வேற எங்க போய்த் தேடறது? பஜ்ஜி தின்னா மட்டும் தேதி மாறும்.'

படித்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டிலேயே அழுதுவிட்டேன்.

கல்யாணமாகி ஆறு மாதம் கழித்துத்தான் வனிதா இன்னொன்றும் சொன்னாள். கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறுவது. எச்சிலில் பரவாது.

"தெரிஞ்சேதான் டப்பா கேட்டியா?"

"தெரிஞ்சேதான்."

நான் எட்டு கிலோ குறைந்தேன். வாழைத்தண்டும் நடையும் குறைத்தவை. அதில் மூன்றை அத்தை மீட்டுவிட்டார். அந்த வீட்டில் எனக்கு மட்டும் இன்றுவரை இரண்டு இலை சேர்த்துப் போடுகிறார்கள். போன வருஷம் எங்கள் மகள் காதுகுத்தில், வனிதாவின் சித்தி மகள் ஒருத்தி ஆசையாகக் கேட்டாள்: "அக்கா, அத்தான் உனக்கு முதன்முதலா என்ன குடுத்தாரு?"

குழந்தைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த வனிதா நிமிரவேயில்லை. மாமா, அத்தை, என் அக்கா, பந்தி பரிமாறிய சித்தப்பா எல்லோரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

"சாம்பிள்!"