வளைவுக்கு ஒரு சலுகை

கொல்லிமலைக்கு மிளகைக் கொண்டுவந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு தொழிற்சாலையைக் கையைப் பிடித்து மலையேற்றியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மண்டலம்.

பெற்றோர் வைத்த பெயர், நான் செயலராக இருக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கு வெளியே யாருக்கும் நினைவில்லை. குண்டனி நாடு என்ற எங்கள் ஊராட்சியில் மிளகு அரைக்கும் மில் வைத்திருப்பவர், வார்டு உறுப்பினர். ஊராட்சி இடம் ஒதுக்கி முன்மொழிந்தால், அங்கே தொழில் தொடங்குவோருக்குச் சில ஆண்டுகள் வரி கிடையாது, அதற்கு வரிச்சலுகை மண்டலம் என்று பெயர் என ஏதோ கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து சோறு கேட்டாலும் மண்டலத்தில்தான் பேச்சைத் தொடங்குவார்.

காரணம் பலா. பருவத்தில் வாங்க ஆளில்லாமல் பழம் மரத்தடியிலேயே அழுகும். ஒரு கம்பெனி வந்தால் அது நிற்கும். ஆனால் ஒரு கம்பெனியாவது சம்மதம் எழுதித் தந்தால்தான் எங்கள் தீர்மானம் மேலிடத்துக்குப் போகும்.

செல்போன் சிக்னல் கிடைக்கும் ஒரே பாறையில் ஏறி நின்று கம்பெனி கம்பெனியாகக் கூப்பிட்டார். ஊரே கேட்டது.

"டயர் கம்பெனிங்களா? வாங்க சாமி! நம்ம ரோட்டுல டயர் தேயற வேகத்துக்கு நீங்க வெளியூருக்கு விக்கவே வேண்டாமுங்க!"

கடைசியில் சமவெளியிலிருந்து சிப்ஸ் முதலாளி ஒருவர் அகப்பட்டார். மண்டலம் மலையடிவாரத்துக் காரவள்ளிக்கே இறங்கிப் போய் அவரைப் பஸ்ஸில் ஏற்றினார். நானும் உடன் இருந்தேன். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் முதலாளி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார். மண்டலம் அவர் நெற்றியைத் தாங்கிக்கொண்டே பேரம் பேசினார்.

"இந்த வளைவுக்கு வீட்டு வரி இல்லீங்க. அடுத்ததுக்குத் தொழில் வரி இல்லீங்க. இன்னும் ரெண்டு பொறுத்துக்குங்க, லைசென்ஸ் கட்டணமும் இல்லீங்க."

"ஐயா, எல்லா வரியும் கட்டிடறேன். என்னைக் கீழயே எறக்கி உடுங்க!"

இறக்கிவிடவில்லை. மேலே வந்து, மரத்தடியெங்கும் கிடந்த பழங்களைப் பார்த்ததும் முதலாளியின் தலைசுற்றல் நின்றது. சம்மதம் எழுதினார்.

கிராம சபை கூடியது. டீக்கடைக்காரர் எழுந்தார்.

"ஏனுங்ண்ணா, உங்க மில்லும் அந்த எடத்துக்குள்ளதான வருது? இத்தனை கூத்தும் அதுக்குத்தானுங்களா?"

தீர்மானம் அங்கேயே செத்தது என்று நினைத்தேன். மண்டலம் சிரித்தார்.

"அட கண்ணு, கெடா வெட்டுனா, கறியைக் கூறு போடறவன் கடைசிக் கூறைத்தான எடுப்பான்? எனக்கு அதுவும் வேண்டாம். செயலருங்க, என்ற மில்லை உட்டுட்டுக் கோடு போடுங்க."

அத்தனை கையும் உயர்ந்தது. கோடு போட்டேன். நேராக வந்த எல்லை, மில் சுவரைச் சுற்றிக்கொண்டு போனது. அளக்க வந்த அதிகாரி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க மட்டும் கோடு ஏன் இப்படி வளையுது?"

"நம்ம மலையில எந்தக் கோடுங்க நேராப் போவுது?" என்றார் மண்டலம்.

இப்போது பருவம் தொடங்கினால் பலா நேராகத் தொழிற்சாலைக்குப் போகிறது. அந்த வட்டாரத்தில் முழு வரி கட்டும் ஒரே தொழிலதிபர் மண்டலம்தான். வருடா வருடம் முதல் ஆளாக, சம்பந்தி வீட்டுக்கு வருவதுபோல் சலவை வேட்டியில் அலுவலகம் வருவார்.

"எல்லாருக்கும் விலக்குன்னா தெருவெளக்கு எரிய வேண்டாமுங்களா?"

அவருக்கு ரசீது எழுதும்போது மட்டும், ஏனோ என் கையெழுத்து அழகாக வருகிறது.