பத்து டிகிரியில் துரை

தொட்டியின் வெப்பமானி இருபத்தி நான்கு காட்டியது. பத்து காட்டியிருக்க வேண்டும்.

அவள் அதை விரலால் தட்டிப் பார்த்தாள். துப்பட்டாவால் துடைத்தும் பார்த்தாள். இருபத்தி நான்கு அசையவில்லை. தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரம் மூச்சுப் பேச்சில்லாமல் நின்றிருந்தது. பக்கத்து மின்பலகையில் அதன் பிளக் கழன்று தொங்கியது.

உள்ளே துரை சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. துரை ஓர் ஆக்டோபஸ். யார் வந்து நின்றாலும் ஒரு கண்ணைப் பாதி திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பெயர்.

"போச்சு துரை, எல்லாம் போச்சு" என்றாள்.

அந்த ஆய்வகத்தில் அவள் தயங்காமல் பேசுவது துரையிடம் மட்டும்தான்.

பிளக்கை அழுத்திச் சொருகினாள். இயந்திரம் உறுமியது. அன்றைக்கு எடுக்க வேண்டிய மாதிரியை எடுத்தாள். துரையின் ஒரு கை நுனியை மரத்துப்போகச் செய்து, அரிசி அளவுக்கு ஒரு துணுக்கு. நுனி மறுபடி வளர்ந்துவிடும். ஆனால் குளிரில் எடுக்க வேண்டியதைச் சூட்டில் எடுத்துவிட்டோமே என்று உறுத்தியது. சாயங்காலம் தண்ணீர் பத்துக்கு இறங்கியதும் இன்னொரு கையிலிருந்து இன்னொரு துணுக்கு எடுத்து ஈடுகட்டினாள். பேராசிரியரிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டுமே.

மறுநாள் காலை. இருபத்தி நான்கு.

"உன் எட்டுக்கால் மாப்பிள்ளை எப்படி இருக்கார்?" என்று சாப்பாட்டு மேசையில் அக்கா கேட்டாள். அவள் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தாள்.

"கால் இல்லக்கா, கை."

"எட்டுக் கை இருந்தும் ஒரு வேலையும் செய்யாம தூங்குதுன்னு சொல்ற. எங்க வீட்டுக்காரரே பரவாயில்ல போலிருக்கு. அப்படி என்னதான்டி கண்டுபிடிக்கப்போற?"

"துருவக் கடல்ல, ஆழத்துல, ஐஸ் மாதிரித் தண்ணியில ஆக்டோபஸ் இருக்குக்கா. அந்தக் குளிர்ல நரம்பெல்லாம் மந்தமாகணும். ஆகல. என்னடான்னு மரபணுவைப் படிச்சா, சூடான கடல்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்கும் கிட்டத்தட்ட அதேதான். அம்மா உனக்கு சமையல் குறிப்பு எழுதிக் குடுத்தாங்கல்ல? அதை நீ வேற தாள்ல பார்த்து எழுதும்போது உப்பைக் குறைச்சே."

"உங்க மாமாவுக்கு பி.பி. இருக்கு. குறைச்சேன்."

"அம்மா எழுதினது அப்படியே இருக்கு. நகல்ல மட்டும் திருத்தம். துருவத்து ஆக்டோபஸ் அதைத்தான் பண்ணுது. துரை சூடான கடல்ல பிறந்தது. குளிர்ல வச்சா அதுவும் திருத்திக்குமான்னு பார்க்கணும். குளிரே நிக்க மாட்டேங்குது."

"அதுக்கு ஏன் அழுற? மாமா எதுக்கு இருக்கார்?"

மாமா ஏ.சி. மெக்கானிக். தட்டிலிருந்து நிமிர்ந்தார். "உங்க லேப்ல மெக்கானிக்கே கிடையாதா?"

"இருக்கார் மாமா. எழுதிக் குடுத்தா அடுத்த மாசம் வருவார்."

அடுத்த மாதம்வரை நேரமில்லை. அடுத்த வாரமே நிபுணர் குழு வருகிறது. காட்டுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவார்கள். தொட்டி பக்கத்து மேசைக்காரரின் இறால்களுக்குப் போய்விடும். எதற்கும் முந்திக்கொண்டு வந்து நிற்பதால் அவருக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். அவர் ஏற்கெனவே அளவு நாடாவுடன் வந்து தொட்டியின் நீள அகலத்தை எடுத்துப் போயிருந்தார்.

"சும்மா ஒரு ஐடியாவுக்கும்மா. தப்பா நினைச்சுக்காதே" என்று வேறு சொல்லியிருந்தார்.

மாமா ஆய்வகத்துக்கு வந்து இயந்திரத்தைப் பிரித்துப் போட்டார். புது பிளக் மாட்டினார். எல்லாம் பூட்டிய பிறகு மூன்று திருகாணிகள் தரையில் கிடந்தன.

"மாமா, இது?"

"கம்பெனிக்காரன் எப்பவும் கூடப் போடுவான். வச்சுக்கோ."

மதியத்துக்குள் தண்ணீர் ஐந்துக்கு இறங்கியது. துரை காகிதம்போல வெளுத்து, எட்டுக் கைகளாலும் தன்னையே கட்டிக்கொண்டு மூலையில் ஒடுங்கியது. அவள் பதறிப்போய் வெந்நீர்க் கெட்டிலைக் கவிழ்த்தாள். குளிர் குறைந்தது, உப்பும் குறைந்தது. உப்பைப் போட்டாள். எவ்வளவு போட்டோம் என்று தெரியவில்லை. உப்பு அளக்கும் கருவியை மாமா போகிற போக்கில் மிதித்துவிட்டிருந்தார். வேறு வழியில்லாமல் ஒரு விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்தபோது, பேராசிரியர் உள்ளே வந்தார்.

"என்னம்மா பண்ற?"

"உப்பு பார்க்கிறேன் மேடம்."

பேராசிரியர் அவளைப் பார்த்தார், துரையைப் பார்த்தார். "இங்க ஆராய்ச்சி நடக்குதுன்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை. இருபத்தி நான்கு. இறுக்கமான புது பிளக், மின்பலகையை விட்டே வெளியே வந்து தரையில் கிடந்தது. தானாகக் கழன்றதாக இனி நினைக்க முடியாது. யாரோ பிடுங்கியிருக்கிறார்கள்.

யாரிடமும் நேரில் கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. அட்டையில் பெரிதாக எழுதித் தொங்கவிட்டாள்: "தயவுசெய்து பிளக்கைத் தொடாதீர்கள்."

முந்திரிக்கொட்டை அதன் முன்னால் நின்று இரண்டு தடவை படித்தார்.

"இந்த அறையில இருக்கிறது யாரு? நீ, நான், துரை. நீ தொடல. துரைக்குப் படிக்கத் தெரியாது. அப்போ இது யாருக்கு?"

"பொதுவாத்தான் சார்..."

"பொதுவாவா? என் இறால் மேல சத்தியமா சொல்றேன், அந்தப் பிளக் பக்கமே நான் போனதில்ல!"

நேரே பேராசிரியரிடம் போய் முறையிட்டார். வீட்டில் அதைவிட மோசம். புது பிளக்கும் கழன்றுவிட்டது என்று சொன்னதுதான் தாமதம், மாமா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"என் தொழில்ல ஒருத்தன் இதுவரைக்கும் ஒரு சொல் சொன்னதில்ல. நான் மாட்டின பிளக் கழலாது."

"அவர் மனசு நோகிற மாதிரிப் பேசாதேடி" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அவளுடன் யாரும் பேசவில்லை. அவளும் யாருடனும் பேசவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

தினமும் காலையில் சூடு, சாயங்காலம் குளிர். காலையில் ஒரு துணுக்கு, ஈடுகட்ட சாயங்காலம் ஒரு துணுக்கு. எட்டுக் கைகளும் முடிந்துவிட்டன. இனி எடுக்கக் கை இல்லை என்ற நிலையில், எல்லாத் துணுக்குகளிலும் உள்ள மரபணு நகல்களைப் படித்துப் பார்க்க அனுப்பினாள்.

முடிவு வந்தபோது, நகலில் எவ்வளவு திருத்தம் என்று காட்டும் வரைபடம் ரம்பத்தின் பல்போல ஏறி இறங்கி ஏறி இறங்கியது. துணுக்குகள் இருந்த குழாய்களை மாற்றி வைத்துவிட்டோமோ என்று மறுபடி சரிபார்த்தாள். மாற்றவில்லை.

குழு வந்த அன்று கூட்ட அறையில் நாற்காலிகளெல்லாம் நிறைந்திருந்தன. குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் முந்திரிக்கொட்டை மடியில் அளவு நாடாவுடன். கதவோரம் மாமா. வருகிறவர்கள் இயந்திரத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லத் தானே வருவதாகப் பிடிவாதம் பிடித்திருந்தார்.

அவள் எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி குடித்தாள்.

"சார், குளிர் நிலையா இல்ல. தினமும் காலையில தொட்டி சூடாயிருந்துச்சு. சாயங்காலம்தான் குளிர்ந்துச்சு. யாரோ பிளக்கை எடுத்துட்டாங்க. அதைத் தடுக்க எனக்குத் தெரியல. மேடம்கிட்ட சொல்லவும் இல்ல. தப்பு என்மேலதான்."

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். முந்திரிக்கொட்டை நாடாவை மெல்ல இழுத்து விட்டார்.

தலைவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி வரைபடத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"காலையில திருத்தம் இல்ல."

"இல்ல சார்."

"சாயங்காலம் இருக்கு. மறுநாள் காலையில திரும்பக் காணோம்."

"ஆமா சார்."

"எல்லாக் கையிலயுமா?"

"எட்டுக் கையிலயும் சார்."

"நீ திட்டம் போட்ட மாதிரி ஒரே குளிர்ல வச்சிருந்தா என்ன தெரிஞ்சிருக்கும்?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. அந்த ரம்பத்தின் ஒவ்வொரு பல்லும் புரிந்தது.

"திருத்திக்குதுன்னு மட்டும் தெரிஞ்சிருக்கும் சார்" என்றாள். குரல் அவளை மீறி உயர்ந்தது. "எவ்வளவு வேகமா திருத்துதுன்னு தெரிஞ்சிருக்காது. வேண்டாம்னா அந்தத் திருத்தத்தை விட்டுடுதுன்னும் தெரிஞ்சிருக்காது. மரபணு மாற லட்சக்கணக்கான வருஷம் ஆகும் சார். இது அதைத் தொடவே இல்ல. காலையில ஒரு நகல், சாயங்காலம் ஒரு நகல். துருவத்துச் சொந்தக்காரங்க செய்யிற அதே திருத்தம், அதே எழுத்து. சூடான கடல்ல பிறந்ததுக்கும் அந்த வித்தை உள்ளுக்குள்ள தயாரா இருக்கு. அப்போ குளிர்க் கடலுக்குள்ள முதல்ல போனது வெறுங்கையோட போகல சார்!"

அவள் நிறுத்தவே இல்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். கேட்காத கேள்விக்கும் சொன்னாள். ஓர் இடத்தில் தலைவரிடமே, "இருங்க சார், முடிச்சுடுறேன்" என்றாள். பேராசிரியர் கண்ணைத் திறந்தவர் மூடவில்லை.

தலைவர் மேசையைத் தட்டினார். "ஆராய்ச்சி தொடரட்டும். இன்னும் ரெண்டு தொட்டி குடுங்க இந்தப் பொண்ணுக்கு."

முந்திரிக்கொட்டையின் மடியில் நாடா சர்ரென்று சுருண்டு உள்ளே போனது. பேராசிரியர் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "என் மாணவி" என்று அறையில் இருந்த எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றார் தலைவர். "சாயங்காலம் குளிரை நிறுத்தி காலையில திரும்பக் குடுக்கிறதுதான் இதுல உயிர்நாடி. இவ்வளவு அருமையான திட்டம் யார் மூளையில உதிச்சது? கட்டுரையில அந்தப் பேரைப் போட்டாகணும்."

முந்திரிக்கொட்டை முதல் ஆளாக எழுந்தார். "சார், இதைச் சொல்லிக்க வேண்டாம்னுதான் இருந்தேன். அந்தப் பிளக் விஷயத்துல என் பங்கும் கொஞ்சம் உண்டு."

"இறால் மேல சத்தியம் பண்ணீங்களே!" என்றாள் அவள். இப்போது அவளுக்குக் கேட்க முடிந்தது.

"அது தன்னடக்கம்மா."

"யோவ், பிளக் நான் மாட்டினது!" கதவோரத்திலிருந்து மாமா பாய்ந்து வந்தார். "சாயங்காலமானா தானா கழலணும்னு ஒரு கணக்குப் பண்ணித்தான்யா மாட்டினேன்!"

"கழலவே கழலாதுன்னு தட்டைத் தள்ளினீங்களே மாமா?"

"தொழில் ரகசியத்தை வீட்டுல சொல்வாங்களா?"

இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறையாக நின்றார்கள். தலைவரின் கார் வழியை மறித்து நிற்கிறது என்று சொல்ல வந்த வாட்ச்மேன், வாசலிலேயே நின்று இந்தச் சண்டையைக் கடைசிவரை கேட்டுவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"இவங்க யாரும் இல்லீங்க சார், இந்தப் பொண்ணு பழக்கி வச்சிருக்குன்னுல்ல நான் நினைச்சேன், எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பினதும் தொட்டி மூடியைத் தள்ளி, கையை நீட்டி, பிளக்கைப் புடுங்கிப் போட்டுட்டுப் போய்ப் படுத்துக்கிறது துரைதானே, கேமராவுல தினம் பார்க்கிறேனே!"