அஞ்சரை மணிக்கு மங்கும் பல்பு

ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்துக்குப் போகும்போது பல்பு மங்கியது.

தாணுமாலயன் சார் ரேசரை எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். அணையவில்லை. மங்கியிருந்தது, அவ்வளவுதான். ஒரு வாரமாக இதே கூத்து. விடியற்காலை அஞ்சரைக்கு அவர் கண்ணாடி முன்னால் நிற்பார், பல்பு சோர்ந்து போகும், கொஞ்ச நேரத்தில் தானாகத் தெளியும். அதற்கு முன்னால் அந்த இடத்தில் எல்இடி பல்பு இருந்தது. அது போய்விட்டதால் பள்ளிக்கூட ஆய்வகத்தில் சும்மா கிடந்த குண்டு பல்பைக் கொண்டு வந்து மாட்டியிருந்தார்.

"ஏட்டி உலகம்மை! பல்பு மங்குது பாத்தியா?"

பின்கட்டிலிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது. "பழைய பல்பு மங்கத்தான் செய்யும். எல்இடியே வாங்கி மாட்டுங்க."

"எல்இடி உண்மைய மறைச்சிரும். குண்டு பல்பு பொய் சொல்லாது. பழசுன்னா நாள் பூரா மங்கணும்லா? அஞ்சரைக்கு மட்டும் ஏன் மங்குது?"

பின்கட்டில் பாத்திரம் உருண்டது.

தென்காசியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவர் அவர். தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் கலந்து வரும் கணக்கென்றால் கரும்பு தின்பது மாதிரி. வீட்டில் ஒரு ஃபியூஸ் போனால் மட்டும் எலக்ட்ரீசியன் ஒலி முகம்மதுக்கு ஆள் அனுப்புவார். அது வேறு விஷயம்.

டீ குடிக்கும்போது மனைவிக்கு வகுப்பு நடந்தது.

"கம்பத்துல இருந்து நம்ம வீட்டுக்கு வாரது ஒல்லி ஒயர். அதுக்கும் கொஞ்சம் மின்தடை உண்டு. அது தொடர் இணைப்பு. உள்ள பல்பு, ஃபேனு, ஃபிரிட்ஜ் எல்லாம் பக்க இணைப்பு. பக்கத்துல பெரிய சாமான் ஒண்ணு சேந்தா மொத்த மின்தடை குறையும், கரண்ட் கூடும், அந்த ஒல்லி ஒயரே வோல்டேஜ முழுங்கிரும். பல்பு மங்கும். ஆக, எவனோ அஞ்சரைக்குப் பெரிய சாமான் ஒண்ணு போடுதான்."

"டீ ஆறுது" என்றாள் உலகம்மை.

மறுநாள் பள்ளிக்கூடத்து மீட்டரைக் கொண்டு வந்து அளந்து, கணக்கும் போட்டுவிட்டார். ஒன்றரைக் கிலோவாட். சுளையாக ஒன்றரைக் கிலோவாட்!

அந்த வீட்டில் அப்படிப்பட்ட சாமான் கிடையாது. மைத்துனர் கடையத்திலிருந்து ஆசையாகக் கொண்டு வந்த கீசரையே வாசலோடு திருப்பி அனுப்பியவர் சார். குற்றாலத்தை இரண்டு எட்டில் வைத்துக்கொண்டு வெந்நீரில் குளிக்கிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. சீசன் முழுக்க அருவியை வெளியூர்க்காரர்கள் பிடித்துக்கொள்வதால் அவருக்கு வீட்டு அண்டாதான் அருவி. போன வருஷம் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டாக்டர் வெந்நீர் என்று வாயெடுத்தார். "எங்க ஊர்த் தண்ணி குத்தாலத்து மூலிகைத் தண்ணி டாக்டர். குளிச்சா உடம்பு கதகதன்னு இருக்கும்" என்று டாக்டருக்கே பாடம் நடத்திவிட்டுத்தான் வீடு திரும்பினார். திரும்பிய நாளிலிருந்து அந்தக் கதகதப்பு இன்னும் கூடியிருப்பதாகவே அவருக்குப் பட்டது.

ஆகவே சாரின் பார்வை மேலே போனது. மாடியில் ஹஸீபா தன் மாமியார் ஹாஜரா பீவியோடு குடியிருந்தாள். புருஷனுக்குச் சவூதி தம்மாமில் வேலை.

"ஏம்மா ஹஸீபா, காலைல இண்டக்‌ஷன் அடுப்பு போடுதியோ?"

"இல்ல சார், எங்களுக்கு கேஸ்தான்."

"பயப்படாமச் சொல்லு. ஒன்றரைக் கிலோவாட்டு போவுது."

ஹஸீபா உலகம்மையைப் பார்த்தாள். உலகம்மை கையிலிருந்த முருங்கைக்கீரையைப் பார்த்தாள்.

"இல்ல சார்" என்றாள் ஹஸீபா மறுபடியும்.

சொன்னால் நம்புகிற ஆளா அவர்? மறுநாள் விடியற்காலையில் மாடியின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் வந்து நின்றார். மேலே தொழுகைக்கு எழுந்த ஹாஜரா பீவி இருட்டில் தண்ணீர்க் குடத்தை உருட்டிவிட, தண்ணீர் படிப்படியாக இறங்கிக் கீழே வாசலுக்கு வந்தது. அஞ்சரைக்குப் பல்பு வழக்கம்போல மங்கியது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மூளை சும்மா இருக்க வேண்டுமே.

"மேல மெயினே ஆஃப். அப்பவும் மங்குதுன்னா என்ன அர்த்தம்? நம்ம லைன்லயே கொக்கி போட்டிருக்காவ!" என்று அவர் முற்றத்தில் நின்று கத்தியது மாடி வரைக்கும் கேட்டது.

ஹாஜரா பீவி ஈரச் சேலையோடு படியில் இறங்கி வந்தார்.

"வாத்தியாரே, திருட்டுக் கரண்டுலயா கஞ்சி காச்சுதோம்? எம்மவன் வெயில்ல கெடந்து வேகுதது இந்தப் பேச்சக் கேக்கதுக்கா? இந்த மாசத்தோட வீட்டக் காலி பண்ணுதோம்."

உலகம்மைக்கு முகம் செத்துவிட்டது. மூன்று வருஷமாக ஒரு வீடு மாதிரி புழங்குகிறவர்கள். இவள் ஆஸ்பத்திரியில் சாருக்குத் துணையிருந்த நாளெல்லாம் மாடியிலிருந்துதான் சோறு போனது. அதெல்லாம் சாருக்கு இப்போது எங்கே ஞாபகம் வரும்?

"அவ்வொ எடுக்கல. நான் சொல்லுதேன்" என்றாள்.

"ஆதாரம்?"

அவள் வாயைத் திறந்தாள். புருஷனின் நெஞ்சைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்."

"தெரியும்னு எழுதுனா மார்க்கு கெடையாது. செய்முறை வேணும்."

"அவ்வொ இந்த வீட்ட விட்டு இறங்குனா நானும் கடையத்துக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அதையும் கணக்குல சேத்துக்கிடுங்க."

அவள் சொன்னால் செய்துவிடுகிறவள் என்று சாருக்குத் தெரியும். ஆனால் இனிமேல் பின்வாங்கினால் மானம் போகும். கொக்கியைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிட்டால் எல்லோரும் வாயடைத்துப் போவார்கள் அல்லவா? உளியையும் சுத்தியலையும் எடுத்தார்.

மாடிப்படியை ஒட்டிய சுவரில் ஒரு முழத்துக்குக் காரை உதிர்ந்தது. கொக்கி இல்லை. இன்னொரு முழம் போனதும் உளி ஒயரில் இறங்கி, டப்பென்று பொறி பறந்து, அடுக்களையும் பின்கட்டும் செத்துப்போயின. சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. கோபம் மட்டும் கூடியது.

ஒலி முகம்மதுக்குப் போன் போட்டார். அவர் புளியறையில் ஒரு ஹோட்டல் வேலையாக இருந்தார். "நாளைக்கு வாரேன் சார். அதுவரைக்கும் எதையும் தொட்றாதீங்க."

தொட்டார். மெயினை அணைத்துவிட்டு, சுவருக்குள் தொங்கிய ஒயர்களையெல்லாம் தம் இஷ்டத்துக்கு முறுக்கி டேப் சுற்றினார்.

"இப்பம் மிக்ஸியப் போடு."

மிக்ஸி ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. கண்ணாடி முன்னால் இருந்த குண்டு பல்பு பளிச்சென்று எரிந்தது.

"நிறுத்து."

பல்பு அணைந்தது.

"மிக்ஸியப் போட்டா பல்பு எரியுது" என்றாள் உலகம்மை.

"பல்பும் அடுக்களை லைனும் தொடர் இணைப்பாயிட்டு. பல்புக்கு மின்தடை அதிகம். வோல்டேஜ முக்காலும் அதுவே எடுத்துக்கிடும். மிக்ஸிக்கு ஒண்ணும் மிஞ்சாது. புஸ்தகத்துல உள்ளது அப்படியே நடக்குது பாரு!"

"புஸ்தகத்துல சட்னி அரைக்க எதுவும் போட்டிருக்கா?"

அன்றைக்குத் தோசைக்குப் பொடிதான். மாடியில் பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

விடிந்தது. வெளியே சாரல் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. சார் சுவிட்சைப் போட்டுவிட்டு, எரியாத பல்பின் கீழே, இருட்டுக் கண்ணாடி முன்னால் துண்டோடு நின்றார். தாம் செய்தது அசட்டுத்தனம் என்று அவருக்கே பட ஆரம்பித்திருந்த நேரம் அது.

அஞ்சரைக்குப் பல்பு எரிந்தது! மாப்பிள்ளை மாதிரி ஜொலித்தது. சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மங்கவில்லை. இம்மி கூட மங்கவில்லை.

"பிடிச்சிட்டேன்!" என்று துள்ளினார். "சொவத்த ஒடச்சதுல கொக்கி அறுந்துட்டு! ஏட்டி உலகம்மை, ஓடியா!"

உலகம்மையைக் காணோம். அதனாலென்ன? குளித்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு மாடிக்குப் போய், நடந்ததைப் பெருந்தன்மையாக மன்னித்து, இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிடலாம். மனைவியும் கடையத்துக்குப் போக மாட்டாள். சந்தோஷமாகச் சவரத்தை முடித்துக் குளியலறைக்குள் நுழைந்து, அண்டாவில் செம்பை முக்கி, நிறையத் தலையில் ஊற்றினார்.

அவர் போட்ட அலறலில் தென்னையிலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. பல் கிட்டிப்போய், இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடி வந்தார்.

"தண்ணிக்கு என்னமோ ஆயிட்டு! மூலிகையெல்லாம் செத்துப்போச்சு! உலகம்மை!"

உலகம்மை மாடிப்படியில் கல்லாக நின்றாள். அவளுக்கு முன்னால் ஹஸீபா, கையில் ஆவி பறக்கும் வாளியோடு. பின்னால் ஹாஜரா பீவி, பின்கட்டில் சூடேறாமல் மாடிக்கு ஏறிப் போயிருந்த, வெந்நீர் போடுகிற ஹீட்டர் ராடைப் பிடித்துக்கொண்டு. ராடிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது.

"இ... இது என்ன?"

ஹஸீபா உலகம்மையைப் பார்த்தாள். உலகம்மை இந்த முறை பார்க்கக் கீரை இல்லாமல் தரையைப் பார்த்தாள்.

ஹாஜரா பீவிதான் வாயைத் திறந்தார்.

"அந்த ஒன்றரைக் கிலோவாட்டத் தேடி எதுக்கு வாத்தியாரே சொவத்த ஒடச்சீரு? ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து அத தெனமும் நீருதான உம்ம தலையில ஊத்திக்கிடுதீரு!"